1975 ட்ரெய்லரில் பனியில் வெடித்த செப்புக் குழாய்: ஒட்டுப் போடுவதா, மொத்தமாக மாற்றுவதா?

ஏரிக்கரை | மே 14, இரவு 10:42

வணக்கம். போன அக்டோபரில் ஆசைப்பட்டு ஒரு பழைய ட்ரெய்லர் வாங்கினேன், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, கிச்சன் பாத்ரூம் வைத்த வண்டி. 1975 ஆர்கோசி, 24 அடி. ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லர் கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்தில் பளபள அலுமினியத்தை அப்படியே விடாமல் பெயிண்ட் அடித்து விற்ற வண்டி. நாங்கள் இருப்பது மிச்சிகன். விற்றவர், "தண்ணீரெல்லாம் வடித்தாயிற்று, குளிர் போனதும் ஹோஸைச் சொருகினால் போதும்" என்றார். நானும் நம்பி, பனிக்காலம் முழுக்கக் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போட்டு நிறுத்திவைத்தேன்.

போன சனிக்கிழமை ஹோஸைச் சொருகித் திறந்தேன். உள்ளே எங்கோ மழை பெய்கிற சத்தம். ஓடிப்போய் மூடுவதற்குள் சோபாவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வாசல்படி வரை வந்துவிட்டது. கிச்சன் சிங்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், செப்புக் குழாய் ஓரிடத்தில் உப்பி, அதன் நடுவில் கெண்டை மீன் வாயைத் திறந்த மாதிரி ஒரு பிளவு.

அதை அறுத்துவிட்டு அழுத்திச் சொருகினால் பிடித்துக்கொள்கிற ஒரு பித்தளை புஷ் பிட்டிங் போட்டேன். திரும்பத் திறந்தால் பாத்ரூம் பக்கம் மழை. அதையும் சரி செய்தேன். மூன்றாவது மழை இப்போது வெந்நீர் ஹீட்டருக்குப் பின்னால், கையே போகாத இடத்தில்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, "எம்-சீல் இருந்தா அப்பிட்டுப் போய்ட்டே இரு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதை இப்படியே ஒட்டிக்கொண்டே போவதா, இல்லை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதா? இதற்கு முன் குழாய் வேலை செய்ததில்லை. வீட்டில் ஒரு டாய்லெட் பிளாப்பர் (தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடி) மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.


பழையஇரும்பு | மே 14, இரவு 11:30

தம்பி, முதல் காரியமாக அந்த ஹோஸைக் கழற்று. ஒவ்வொரு ஓட்டையையும் தண்ணீர் விட்டுத் தேடினால் கடைசியில் குழாய் இருக்கும், தரை இருக்காது. இந்த வண்டிகளுக்குத் தரை பிளைவுட். அதன் ஓரம்தான் மேல்கூட்டையும் அடிச்சட்டத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஊறி மக்கினால் நீ கேட்கப்போகிற கேள்வியே வேறாக இருக்கும்.

காற்றை வைத்துத் தேடு. வண்டிக்கு வெளியே ஹோஸ் சொருகும் வாயில் மாட்டுகிற மாதிரி, டயர் வால்வு வைத்த ஒரு சின்னப் பித்தளை மூடி எந்த ஆர்வி (இந்த மாதிரி வீட்டு வண்டி) கடையிலும் கிடைக்கும். எல்லா டேப்பையும் மூடிவிட்டு கம்ப்ரஸரில் 30 பிஎஸ்ஐ ஏற்று, அதற்கு மேல் வேண்டாம். பிறகு காதை வைத்துக் கேள். பெரிய பிளவு பாம்பு மாதிரி சீறும். சின்னதுக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார். எத்தனை இடம் என்று முதலில் எண்ணிவிட்டு அப்புறம் முடிவெடுக்கலாம்.

எனக்கு ஒஹாயோவில் இரண்டு பழைய ட்ரெய்லர் இருந்தன. முதலாவதில் பதினொரு பிளவு. ஒன்பதாவது வரை நானும் ஒட்டுப் போட்டேன், அந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல.


சந்தேகசாமி | மே 15, காலை 7:05

ஒரு சின்ன சந்தேகம். தண்ணீர் உறைந்தால் விரியும், சரி. ஆனால் குழாயில் ஒரு பக்கம் திறந்துதானே இருக்கிறது, அந்தப் பக்கம் நகர்ந்துவிடாதா? எதற்கு வெடிக்கிறது?


பழையஇரும்பு | மே 15, காலை 8:20

நல்ல கேள்வி. பலரும் பனிக்கட்டி உள்ளிருந்து முட்டி உடைக்கிறது என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். குழாயில் ஓரிடத்தில் கட்டி அடைத்துக்கொண்டது, அடுத்த முனையில் டேப் மூடியிருக்கிறது என்று வை. நடுவில் இன்னும் உறையாத தண்ணீர் மாட்டிக்கொள்ளும். கட்டி வளர வளர அந்தத் தண்ணீரைத்தான் நெருக்கும். தண்ணீரை அமுக்க முடியாதே! அழுத்தம் ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐக்கு ஏறும், குழாயில் நோஞ்சான் இடம் எதுவோ அங்கே வாய் பிளக்கும். அதனால்தான் குளிர் அதிகமான இடம் ஒன்றாகவும் உடைந்த இடம் வேறாகவும் இருக்கும்.

விற்றவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்லமாட்டேன். டேங்கைத் திறந்து வடித்திருப்பார். சுவருக்குள் வளைந்து வளைந்து போகிற குழாயில், ஒவ்வொரு தொய்விலும் ஒரு கைப்பிடி தண்ணீர் நின்றிருக்கும். அந்தக் கைப்பிடி போதும்.


ஈயக்குச்சி | மே 15, பகல் 12:48

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன், ஏசி மெக்கானிக். செம்பைக் கையால் தொட்டுச் சம்பாதிப்பவன், அதனால் கொஞ்சம் செம்புக் கட்சி பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது வருஷம் உழைத்த குழாயைப் பிடுங்கிப் போட்டு பிளாஸ்டிக் மாட்டச் சொல்ல எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். செம்பை எலி கடிக்காது, வெயில் அரிக்காது. பிளந்த இடத்தை அறுத்து, இரண்டு முனையையும் சேர்க்கிற ஒரு கப்ளிங் வைத்து சால்டர் பண்ணினால் இன்னும் ஐம்பது வருஷம். ஒரு கப்ளிங் ஒன்றிரண்டு டாலர். தெரிந்தவர் கையில் பத்து நிமிஷ வேலை.


மேப்பிள்மதி | மே 15, மாலை 5:33

ஈயக்குச்சி அண்ணா, அந்தப் பத்து நிமிஷத்தில் சால்டரை உருக்குகிற காஸ் டார்ச் நெருப்புக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று ஒருக்கா யோசியுங்கோ. காய்ந்த பிளைவுட், தூசி, எலி சேர்த்த பஞ்சு. வீட்டுச் சுவர் வேறு, ட்ரெய்லர் அலுமாரிக்குள்ளே தலையை விட்டுக்கொண்டு பற்றவைக்கிறது வேறு. ஏரிக்கரை அண்ணா டாய்லெட் பிளாப்பர்தான் மாற்றினவர் என்று அவரே சொல்லுறார்.

இன்னொன்று. 1975 மூட்டுகளில் இருப்பது ஈயம் கலந்த சால்டராகத்தான் இருக்கும். அமெரிக்காவில் குடிதண்ணீர்க் குழாய்க்கு ஈய சால்டரைத் தடுத்தது 1986இல். பிள்ளைகள் அந்த டேப்பில் தண்ணி குடிக்கப் போகிறார்கள் என்றால் பழைய குழாயைக் கழற்ற எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.


ஈயக்குச்சி | மே 15, மாலை 6:10

ஈயம் பற்றிச் சொன்னது நியாயம், அதை நான் யோசிக்கவில்லை. நெருப்பு பற்றிச் சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒருமுறை வாடிக்கையாளர் வீட்டுச் சுவருக்குள் புகை வந்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் பிளாஸ்டிக் எல்லாம் நல்லது என்று மட்டும் சொல்லாதீர்கள். சாம்பல் நிறக் குழாய் கதை நினைவிருக்கிறதா?


மேப்பிள்மதி | மே 15, இரவு 9:02

நினைவிருக்கிறதாவோ? அதில் நனைந்தவள் நான்தான். என்னுடையது 1986 வண்டி. ஒன்டாரியோவில் ஒரு வயோதிபரிடம் வாங்கினது. உள்ளே முழுக்க அந்தச் சாம்பல் நிறப் பொலிபியூட்டிலீன்.

தெரியாதவர்களுக்காக: 1978 முதல் 1995 வரைக்கும் அதை வீடுகளிலும் ட்ரெய்லர்களிலும் தாராளமாகப் போட்டார்கள். மலிவு, சுருட்டிக்கொண்டு போகலாம், குளிருக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் குழாய்த் தண்ணியில் இருக்கிற குளோரின் அதையும் அதன் பிளாஸ்டிக் மூட்டுகளையும் உள்ளுக்குள்ளே நொறுக்கிவிடும். வெளியில் பார்த்தால் புதிசு மாதிரி இருக்கும், ஒரு நாள் பட்டென்று போகும். அமெரிக்காவில் வழக்காகி, 1995இல் 95 கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு ஒத்துக்கொண்டார்கள்.

அதனால் 80களின் வண்டி வைத்திருக்கிறவர்கள் யாராவது இந்த இழையை வாசித்தால், சிங்குக்குக் கீழே ஒருக்கா குனிந்து பாருங்கோ. சாம்பல் நிறம் என்றால் ஒழுகும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

நான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பெக்ஸ் போட்டேன், இப்ப வருகிற வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய். ஆறு வருஷமாகிறது. ஒரு சொட்டு இல்லை.


கட்டுச்சோறு | மே 15, இரவு 9:15

ட்ரெய்லரே இல்லாத நான் ஏன் இதை இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்?


ஏரிக்கரை | மே 17, காலை 6:50

காற்று ஏற்றிப் பார்த்தேன். ஏழு இடம். ஏற்கெனவே ஒட்டியது இரண்டு, ஆக ஒன்பது. சரி, மாற்றிவிடுவது என்று முடிவு.

ஆனால் ஒரு குழப்பம். பழைய குழாயின் வெளி விட்டத்தை அளந்தால் சரியாக அரை அங்குலம். அதனால் நேற்றைக்கு கப்ளிங் வாங்கும்போது "அரை அங்குலம்" என்று எழுதியிருந்ததை எடுத்தேன். உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது. கடைப் பையனுக்கும் புரியவில்லை, இரண்டு பேரும் அரைமணி நேரம் ஒரு குழாய்த் துண்டை வைத்து விழித்தோம்.


ஈயக்குச்சி | மே 17, காலை 7:30

இது என் பேட்டை, நான் சொல்கிறேன். செப்புக் குழாய்க்கு இரண்டு பெயர் உண்டு. ஏசி வேலையில் வெளி விட்டத்தைச் சொல்வோம். பிளம்பிங்கில் பெயரளவு ஒன்று சொல்வார்கள், நிஜ வெளி விட்டம் அதைவிட 1/8 அங்குலம் அதிகம். உங்கள் குழாய் வெளியே அரை அங்குலம் என்றால் பிளம்பிங் கடையில் அதற்குப் பெயர் 3/8. கடையில் "அரை அங்குலம்" என்று இருப்பதன் வெளி விட்டம் 5/8. அதுதான் ஆடியிருக்கிறது. பழைய ட்ரெய்லர்களில் 3/8 நிறையப் பார்க்கலாம்.

மொத்தமாக மாற்றுவதென்றால் இந்தத் தலைவலியே இல்லை. அரை அங்குல பெக்ஸை எல்லா இடத்துக்கும் ஓட்டிவிடுங்கள். அதன் வெளி விட்டமும் 5/8தான்.

செம்புக் கட்சியிலிருந்து இத்துடன் ராஜினாமா.


மேப்பிள்மதி | மே 17, காலை 11:21

வாங்கோ அண்ணா, இங்கே இடம் இருக்கு.

ஏரிக்கரை அண்ணா, மூட்டுப் போடுகிற முறை மூன்று விதம். செப்பு வளையம் வைத்துப் பெரிய இடுக்கியால் நெரிக்கிறது, கிரிம்ப். எஃகு வளையத்தின் காதைப் பிடித்து நெரிக்கிறது, கிளாம்ப். அழுத்திச் சொருகினால் பிடித்துக்கொள்கிற புஷ் பிட்டிங், ஷார்க்பைட் மாதிரி. நான் கிளாம்ப் பக்கம். காரணம் சிம்பிள். கிரிம்ப் இடுக்கியை இரண்டு கையாலும் அகல விரிக்க வேணும், குசினி அலுமாரிக்குள் அதுக்கு இடமில்லை. கிளாம்ப் இடுக்கி ஒரு பக்கத்திலிருந்து காதை மட்டும் கடித்தால் போதும்.

புஷ் பிட்டிங் அவசரத்துக்கு நல்லது. ஒன்று இரண்டு எப்பவும் வண்டியில் வைத்திருங்கோ. ஆனால் இருபது முப்பது மூட்டுக்கு அதையே போட்டால் விலை கட்டாது. பிறகு, கை போகாத இடத்தில் அதை வைக்க எனக்கு விருப்பமில்லை.


பழையஇரும்பு | மே 17, மாலை 4:45

நான் கிரிம்ப் ஆள். செப்பு வளையத்தை நெரித்த பிறகு ஒரு தகட்டு அளவுகோலை மேலே நுழைத்துப் பார்க்கலாம். 'சரி' பக்கம் நுழைய வேண்டும், 'தப்பு' பக்கம் நுழையக் கூடாது. கண் மதிப்பு வேண்டியதில்லை. தவிர, வளையம் குழாய் முனையிலிருந்து 1/8 முதல் 1/4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். முனையை ஒட்டி வைத்தாலும் தப்பு, பின்னால் போனாலும் தப்பு. குழாயை ஹாக்ஸா வைத்து அறுக்காதே, கோணலாகப் போகும். பெக்ஸ் கட்டர் பத்து டாலருக்குள் கிடைக்கும்.

ஆனால் தம்பி, எதை வைத்து நெரிக்கிறாய் என்பது இல்லை விஷயம். பெக்ஸ் உறைந்தால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்று நம்பி, பனிக்காலத்தில் அப்படியே விடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். குழாய் விரியும், பித்தளை விரியுமா? பிளாஸ்டிக் எல்போ, அந்த வளைவு மூட்டு, விரியுமா? பம்பின் தலை விரியுமா? உன் செம்பு வெடித்தது அது செம்பு என்பதால் இல்லை, தண்ணீர் உள்ளே நின்றதால்.

அதனால் குழாய் ஓட்டும்போது ஒன்றை மட்டும் மனதில் வை. எல்லாக் குழாயும் சரிந்து சரிந்து ஓரிடத்துக்கு வர வேண்டும். அந்தத் தாழ்ந்த இடத்தில் சுடுநீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று, இரண்டு வடிகால் வால்வு. தரையில் துளை போட்டுக் கீழே விடு. குறுக்கே வயரிங்கோ சக்கர வளைவோ இருந்தால் அதன் மேலே ஏறி இறங்காமல் சுற்றிப் போ. ஏறி இறங்கினால் அந்த இறக்கத்தில் தண்ணீர் நிற்கும், கதை மறுபடி முதலிலிருந்து.

ஹீட்டருக்கு மூன்று வால்வு பைபாஸ் போடு, தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப் போகிற வழி. ஆறு கேலன் ஹீட்டரை பைபாஸ் பண்ணாமல், பனிக்காலத்துக்குக் குழாயில் விடுகிற உறையாத திரவத்தை, ஆன்டிஃப்ரீஸை, ஊற்றினால் முதல் ஆறு கேலனை அதுவே குடித்துவிடும்.

குழாயை இரண்டரை அடிக்கு ஒரு கிளிப் போட்டுப் பிடி. வீடு ஓரிடத்தில் நிற்கும், இது மேடு பள்ளத்தில் குதித்துக்கொண்டே போகும். எங்கேயாவது தகட்டைத் தாண்டிப் போனால் துளை ஓரத்துக்கு ரப்பர் வளையம் போடு. அலுமினியத் தகடு ஆயிரம் மைலில் பெக்ஸை அறுத்துவிடும்.


சந்தேகசாமி | மே 17, இரவு 8:08

ஆன்டிஃப்ரீஸ் என்றால் கார் கூலன்ட்தானே? கராஜில் இரண்டு கேலன் கிடக்கிறது, ஏரிக்கரை சார் பக்கத்து ஊர்தான், கொண்டுவந்து தரவா?


மேப்பிள்மதி | மே 17, இரவு 8:11

ஐயோ, வேண்டாம்! கார் கூலன்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், நஞ்சு. குடிதண்ணிக் குழாய்க்குள் அது போகவே கூடாது. ஆர்விக்கு என்று தனியாக ரோஸ் நிறத்தில் விற்கிறது, அது புரோப்பிலீன் கிளைகால். அதைத்தான் ஊற்ற வேணும். கராஜில் இருக்கிறது காருக்கே இருக்கட்டும்.


சந்தேகசாமி | மே 17, இரவு 8:13

கேட்டது நல்லதாகப் போயிற்று.


ஏரிக்கரை | ஜூன் 9, இரவு 11:15

மூன்று வார அறிக்கை. நீளமாக இருக்கும், மன்னிக்கவும்.

செம்பு முழுக்க வெளியே வந்துவிட்டது. எடைக்குப் போட்ட காசில் பெக்ஸ் கட்டரும் வளையங்களும் வாங்கினேன், அது ஒரு சந்தோஷம். கழற்றிய பிறகு எண்ணியதில் பிளவு ஒன்பது இல்லை, பத்து. ஒன்று ஷவருக்குப் போகும் குத்துக் குழாயில் மயிரிழை மாதிரி. காற்றுச் சோதனையில் அது மாட்டவே இல்லை.

ஹீட்டருக்குப் பின்னால் எலிக்கூடு. 1980களின் செய்தித்தாள் துணுக்குகள், ஒரு குழந்தைச் சாக்ஸ். அப்பா அதை ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறார், ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்.

தரையைத் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லி ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வெளியிலிருந்து ஹோஸ் சொருகும் வாய்க்கு நேர் கீழே குத்தினேன். திருப்புளி கேக்கில் போவது போல இறங்கியது. ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம் மக்கல். நல்லவேளை சட்டம் வரை போகவில்லை. அந்தத் துண்டை அறுத்து, எபாக்ஸி தடவிய புதுப் பிளைவுட் வைத்து, அடியில் ஒரு ரீப்பர் கொடுத்துத் திருகினோம். இந்த வேலையில் அப்பாதான் மேஸ்திரி, நான் சித்தாள்.

கிரிம்ப்தான் வாங்கினேன், அந்த அளவுகோலுக்காக. முதல் மூட்டை மேசை மேல் வைத்து, நிதானமாக, அழகாக நெரித்தேன். அளவுகோலை வைத்தால் நுழையவில்லை. திருப்பி வைத்தேன், நுழையவில்லை. இடுக்கியின் வாய் முழுக்க மூடவே இல்லை, நான்தான் பயந்து பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அதை வெட்டிப் போட்டேன். இரண்டாவதில் கைப்பிடி இரண்டும் முட்டும் வரை அமுக்கினேன், 'சரி' பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சின்னத் தகடு நுழைந்ததில் கிடைத்த நிம்மதி, ஆபீஸில் புரமோஷன் வந்தபோதுகூட வரவில்லை. மொத்தம் 34 மூட்டு. நான்கை வெட்டிப் போட்டுத் திரும்பச் செய்தேன்.

மேப்பிள்மதி சொன்னது அப்படியே நடந்தது. சிங்குக்குக் கீழே இடுக்கியை விரிக்க இடமில்லை. அந்த மூன்று மூட்டை வெளியே வைத்தே போட்டு, மொத்தமாக உள்ளே நுழைத்தேன். அடுத்த முறை கிளாம்ப்.

டேப் பக்கத்து மரை எல்லாவற்றுக்கும் அப்பா சணல் சுற்றப் பார்த்தார். வெள்ளைப் பெயிண்ட் எங்கே என்று கராஜில் தேடினார். மரையில் சுற்றும் டெஃப்லான் நாடாவையே நம்பாதவரிடம், ரப்பர் வாஷர் வைத்த பிட்டிங்குக்கு எதுவுமே சுற்ற வேண்டாம், கையால் இறுக்கிக் கால் சுற்று போதும் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு சாயந்திரம் போயிற்று. அவர் இன்னும் முழுக்க நம்பவில்லை. தினமும் காலையில் போய் அந்த மரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வருகிறார்.

பம்ப் புதிது, 12 வோல்ட், 45 பிஎஸ்ஐ வந்ததும் தானே நின்றுவிடும். அதற்கு முன்னால் சல்லடை. வெளி ஹோஸுக்கு பிரஷர் ரெகுலேட்டர். இரண்டு வடிகாலும் வைத்தாயிற்று.

இப்போது பிரச்சினை: டேப் எல்லாம் மூடியிருக்கிறது, எங்கேயும் ஈரம் இல்லை. ஆனால் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை பம்ப் 'டுர்ர்' என்று ஒரு விநாடி ஓடி நிற்கிறது. ராத்திரியில் பேய் மாதிரி இருக்கிறது.


பழையஇரும்பு | ஜூன் 10, காலை 6:40

அழுத்தம் எங்கேயோ கசிகிறது, பம்ப் அதை ஈடுகட்டுகிறது. பம்புக்கு அடுத்து ஒரு வால்வு வைத்திருந்தால் மூடிவிட்டுக் கேள். அப்படியும் டுர்ர் என்றால் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு வழியாகத் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. சத்தம் நின்றால் கசிவு அதற்கு அந்தப் பக்கம். அங்கே முதல் சந்தேகம் டாய்லெட் வால்வு. இரண்டாவது, வெளி ஹோஸ் வாயில் இருக்கும் ஒருவழி வால்வு. அது புதிதா, பழையதா?


ஏரிக்கரை | ஜூன் 10, காலை 7:15

பழையது. நன்றாகத்தான் இருக்கிறதே என்று அதையே துடைத்துப் போட்டேன்.


பழையஇரும்பு | ஜூன் 10, காலை 7:17

மூடியைக் கழற்றி அதற்குள் விரலை விட்டுப் பார்.


ஏரிக்கரை | ஜூன் 10, காலை 7:31

ஈரம். சொட்டு வண்டியின் வெளிப்பக்கமாக வழிந்து தார்ப்பாய்க்குள் போயிருக்கிறது. அந்த மக்கிய தரையும் இதற்கு நேர் கீழேதான். இத்தனை வருஷமாக இதே வேலையைப் பார்த்திருக்கிறது போலிருக்கிறது.


ஈயக்குச்சி | ஜூன் 10, காலை 9:55

பம்பின் ஒருவழி வால்வு போனால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெளி ஹோஸில் ஓடும்போது தண்ணீர் பம்ப் வழியாகப் பின்னால் போய் டேங்க் தானாக நிரம்பி, காற்றுக் குழாய் வழியாகக் கொட்டும். டேங்க் நிரம்புகிறதே, என்ன மாயம் என்று என் நண்பர் ஒருவர் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

இதைவிடப் பழைய வண்டிகளில் பம்பே கிடையாது, தெரியுமா? 50கள், 60களின் பல ட்ரெய்லர்களில் துத்தநாகம் பூசிய இரும்பு டேங்க் இருக்கும். தண்ணீரை முக்கால் ரொப்பி, டயருக்கு அடிப்பது மாதிரி காற்றடிக்க வேண்டும். அந்தக் காற்றுதான் தண்ணீரை டேப்புக்குத் தள்ளும். சைக்கிள் பம்ப் இருந்தால் ஷவர்.


ஏரிக்கரை | ஜூன் 13, இரவு 9:40

வெளி ஹோஸுக்குப் புது வாய் மாட்டியாயிற்று. நேற்று இரவு 10 முதல் இன்று காலை 6 வரை பம்ப் வாயே திறக்கவில்லை. அப்பா மரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சர்டிபிகேட்.

டேங்கைக் கழுவ பிளீச் எவ்வளவு ஊற்ற வேண்டும்?


மேப்பிள்மதி | ஜூன் 13, இரவு 10:26

பதினைந்து கேலனுக்குக் கால் கப், வாசனை கலக்காத வெறும் பிளீச். முதலில் ஒரு வாளித் தண்ணியில் கலந்துவிட்டு ஊற்றுங்கோ. டேங்கை நிரப்பி, ஒவ்வொரு டேப்பையும், சுடுநீர்ப் பக்கமும், பிளீச் மணம் வரும் வரைக்கும் திறந்து மூடுங்கோ. நாலு மணித்தியாலம் விட்டுவிட்டு, மணம் போகும் வரைக்கும் நல்ல தண்ணி விட்டு அலசுங்கோ. வாசலில் உள்ள ஷவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அதையும் திறவுங்கோ.


ஏரிக்கரை | நவம்பர் 2, மாலை 5:20

கோடை முழுக்க ஓடியது. லேக் சுப்பீரியர் கரையோரம் ஒன்பது நாள், ஒரு சொட்டு இல்லை. அப்பா செப்டம்பரில் ஊருக்குப் போய்விட்டார். இன்று வீடியோ காலில் மரையைக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

இன்றைக்கு முதல் கடும் குளிர், ராத்திரி 24 டிகிரி ஃபாரன்ஹீட் என்கிறார்கள். மதியமே வேலையை முடித்துவிட்டேன். இரண்டு வடிகாலையும் திறந்தேன், எல்லா டேப்பையும் திறந்தேன். நான்கு நிமிஷத்தில் முழுக்க வடிந்து, கடைசியில் குழாய் ஏப்பம் விட்டது. பிறகு ஹீட்டரை பைபாஸில் திருப்பி, ரோஸ் திரவத்தை பம்பில் இழுத்து, ஒவ்வொரு டேப்பிலும் ரோஸ் வரும்வரை விட்டேன். சிங்குக்குக் கீழே தண்ணீர் நிற்கும் வளைவில், டிராப்பில், ஒரு கப். இரண்டு கேலன்கூட ஆகவில்லை. எல்லாருக்கும் நன்றி, இந்த இழை இல்லையென்றால் நான் இன்னும் எம்-சீல் பிசைந்துகொண்டிருப்பேன்.


பழையஇரும்பு | நவம்பர் 2, மாலை 5:58

நல்லது தம்பி. ஹீட்டர் டேங்கை எப்படி வடித்தாய்?


ஏரிக்கரை | நவம்பர் 2, மாலை 6:02

பைபாஸில்தானே போட்டிருக்கிறேன்?


பழையஇரும்பு | நவம்பர் 2, மாலை 6:03

பைபாஸ் என்றால் ரோஸ் உள்ளே போகாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஆறு கேலன் எங்கே போகும்?


ஏரிக்கரை | நவம்பர் 2, மாலை 6:03

ஐயோ.


மேப்பிள்மதி | நவம்பர் 2, மாலை 6:05

பதறாதீங்கோ, ஒரு ராத்திரிக்கு முன்னமே பிடிபட்டுவிட்டது. காஸ் நிறுத்தியிருக்கிறதா, தண்ணி ஆறியிருக்கிறதா என்று பாருங்கோ. வெளிப்பக்கக் கதவைத் திறந்து, மேலே இருக்கிற அழுத்த வால்வின் காதை முதலில் தூக்குங்கோ, உள்ளே அடைபட்ட அழுத்தம் போகட்டும். பிறகுதான் கீழே இருக்கிற அனோட் குச்சியை, டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைகிற உலோகக் குச்சியை, கழற்ற வேணும். 1-1/16 அங்குல சாக்கெட். நேர் முன்னால் நிற்க வேண்டாம்.


ஏரிக்கரை | நவம்பர் 2, மாலை 6:41

கழற்றிவிட்டேன். அழுத்த வால்வு ஞாபகம் இருந்தது. நேர் முன்னால் நிற்கக் கூடாது என்பதை அப்புறம்தான் வாசித்தேன். ஆறு கேலனும் செருப்புக் காலில்.

அனோட் குச்சி பாதி கரைந்திருக்கிறது, போட்டோ எடுத்திருக்கிறேன். காலைக் காய வைத்துவிட்டு வந்து போடுகிறேன், மாற்ற வேண்டுமா என்று சொல்லுங்கள்.